மே மாதத்து லேபுக்கு நவம்பரிலேயே கிளம்ப வேண்டும்

தாவரவியலோ விலங்கியலோ, நுண்ணுயிரியலோ உயிரித்தொழில்நுட்பமோ, பி.எஸ்சி. படிக்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் கோடை ஆய்வுப் பயிற்சியைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவது மார்ச் மாதத்தில். மாடல் தேர்வு முடிந்து, செய்முறைத் தேர்வு நெருங்கும்போது யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கையைப் போடுவார். திறந்து பார்த்தால் கடைசித் தேதி போய் மாதக்கணக்காகியிருக்கும். தகுதி இல்லாமல் வாய்ப்பை இழப்பவர்களைவிடத் தேதி தெரியாமல் இழப்பவர்கள்தான் அதிகம். சிறிய ஊர்க் கல்லூரிகளில் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. அதனால் தேதியிலிருந்தே தொடங்குவோம்.

நவம்பர்: மூன்று அகாடமிகளின் திட்டம்

உயிரியல் மாணவர் ஒருவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெலோஷிப்புக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாடமி (இன்சா), பிரயாக்ராஜில் இருக்கும் தேசிய அறிவியல் அகாடமி (நாசி) ஆகியவைதான் அந்த மூன்று. பெங்களூரு அகாடமி சி.வி. ராமன் 1934-ல் தொடங்கியது. அதே ஊரில் இருக்கும் இந்திய அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.எஸ்சி.) வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஐ.ஐ.எஸ்சி. இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடுபவர்கள் உண்டு.

விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர், நவம்பரில் திறந்து நவம்பர் இறுதியை ஒட்டி மூடப்படும். தேர்வானால் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வு நிறுவனத்தில் எட்டு வாரம் வேலை செய்யலாம். உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. விண்ணப்பத்தில் நான்கு விஷயங்கள் கேட்பார்கள்: பத்தாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள், யாரிடம் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்ற பட்டியல், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற சிறு குறிப்பு, ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். எந்த ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வரிவரியாகப் படியுங்கள். சீனியர் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்கும் தனியாக ஒரு கோடைத் திட்டம் உண்டு. அங்கேயே போப் என்ற இன்னொன்றும் இருக்கிறது. பி.எஸ்சி. தொடக்கத்திலேயே சேர்ந்து, அடுத்தடுத்த கோடை விடுமுறைகளில் போய் வேலை செய்து, முடிவில் டிப்ளமோ வாங்கும் திட்டம் அது. முதலாண்டு மாணவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் மிகக் குறைவு என்பதால் முதலாண்டில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெயரைக் கேட்டதும் ஓடிப்போய் நேரத்தை வீணாக்கக்கூடியவையும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) எஸ்.டி.எஸ். திட்டம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கானது. விஞ்ஞானி ஹர் கோவிந்த் குரானா பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பும் திட்டம் பி.டெக்., எம்.எஸ்சி. போன்ற படிப்புகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. சாதாரண மூன்றாண்டு பி.எஸ்சி. மாணவர் அதில் மனு போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், எம்.எஸ்சி. சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஷீ உதவித்தொகை வாங்குபவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்ற அந்தத் தொகையில் 60,000 படிப்புக்கு, 20,000 கோடை ஆய்வுத் திட்டத்துக்கு. அதாவது வழிகாட்டி ஒருவரிடம் கோடையில் வேலை செய்து, அறிக்கையும் சான்றிதழும் கொடுப்பது அந்த உதவித்தொகையின் ஒரு பகுதி. "எனக்கு ஏற்கெனவே நிதி இருக்கிறது, இடம் மட்டும் கொடுத்தால் போதும்" என்று லேப் தலைவருக்கு எழுத முடிகிற நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள். மின்னஞ்சலின் இரண்டாவது வரியிலேயே அதைச் சொல்லுங்கள்.

படிவத்தில் சிக்கும் இடங்கள்

நம் ஊர் மாணவர்கள் தடுமாறுவது பெயரில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒற்றை எழுத்தாக இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். உதவித்தொகை வரும் நேரத்தில் இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். படிவத்தில் "கடைசிப் பெயர்" கேட்டால் ஆதாரில் இருப்பது எதுவோ அதையே போடுங்கள். வங்கிக் கணக்கின் பெயரை டிசம்பர் விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள்.

அடுத்தது மதிப்பெண். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முக்கியப் பாடம் என்று நம் மதிப்பெண் பட்டியல் பிரிந்திருக்கும். மொத்தச் சதவீதம் கேட்டால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். முக்கியப் பாடத்தை மட்டும் போட்டு அதிகமாகக் காட்டினால், மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடும்போது மாட்டிக்கொள்வீர்கள். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் ஆசிரியரிடம் போய்விடுங்கள். துறைத்தலைவர்தான் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஹெச்.ஓ.டி. எழுதும் கடிதத்தில் "ஒழுக்கமானவர், வகுப்புக்கு ஒழுங்காக வருவார்" என்பதைத் தாண்டி எதுவும் இருக்காது. உங்களோடு செய்முறை வகுப்பில் நின்ற உதவிப் பேராசிரியர், "கிராம் சாயமேற்றும் பரிசோதனையில் முடிவு தவறாக வந்தபோது, நிறம் நீக்கும் நேரத்தை மாற்றி மாற்றிச் செய்து காரணத்தைத் தானே கண்டுபிடித்தார்" என்று எழுதினால் அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். அவருக்கு நினைவூட்ட, நீங்கள் செய்த வேலைகளை அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "சார், ஒரு லெட்டர் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவரும்தான் என்ன எழுதுவார்?

சிறு குறிப்பு

ஒரு பக்கம்கூட வராத இந்தக் குறிப்பில்தான் தேர்வே நடக்கிறது. "சிறு வயது முதலே எனக்கு உயிரியலில் ஆர்வம்" என்று தொடங்கும் குறிப்பை அடுத்தவருடையதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பாடப்புத்தகத்திலிருந்து புற்றுநோயின் வரையறையை எடுத்து ஒட்டுவதும் அப்படித்தான்.

ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். உதாரணமாக: கல்லூரி விடுதியின் கழிவுநீரிலிருந்து பிரித்த பாக்டீரியாவில் ஆம்பிசிலின் மருந்து வட்டைச் சுற்றித் தெளிவு மண்டலம் வரவில்லை, அதாவது மருந்து அதைத் தடுக்கவில்லை. எதிர்ப்பு பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தில்) இருக்கிறதா, குரோமோசோமில் இருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்க எங்கள் கல்லூரியில் வசதி இல்லை. பிளாஸ்மிடைப் பிரித்து, இன்னொரு பாக்டீரியாவில் ஏற்றி, எதிர்ப்பும் கூடவே போகிறதா என்று பார்க்க விரும்புகிறேன். நான்கைந்து வரிதான். ஆனால் இவர் கையால் வேலை செய்திருக்கிறார், அடுத்த படியை யோசித்திருக்கிறார், எட்டு வாரத்தில் முடிகிற அளவுக்குக் கேள்வியைச் சுருக்கத் தெரிந்திருக்கிறார் என்று மூன்றும் தெரிந்துவிடுகிறது. கல்லூரியில் வசதி இல்லை என்பதைக் குறையாகப் புலம்பாமல், போக வேண்டியதற்கான காரணமாகச் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள்.

கேள்வி உண்மையிலேயே உங்களுடையதாக இருக்க வேண்டும். அதற்கு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வாளரின் சமீபத்திய கட்டுரைகளில் இரண்டையாவது பப்மெட் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் தேடி, சுருக்கத்தோடு நிறுத்தாமல் படங்களையும் அவற்றின் கீழே உள்ள விளக்கத்தையும் படியுங்கள். முழுதும் புரியாது. புரியாத இடம் எது என்று குறித்துவைத்தாலே போதும், பாதிக் கேள்வி அங்கிருந்து வந்துவிடும்.

நேரடியாக எழுதும் மின்னஞ்சல்

திட்டங்களில் இடம் கிடைக்காவிட்டால் கதை முடிந்துவிடவில்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.), ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.), திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம், திருப்பதி ஐசர், சென்னை தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் என்று நேரடியாக எழுதிக் கேட்கக்கூடிய இடங்களின் பட்டியல் நீளம். கணக்கில் பிடிப்பு உள்ளவர்கள் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் கணிப்பிய உயிரியல் குழுவையும் பாருங்கள். அங்கே பைப்பெட் தேவையில்லை, பைதான் நிரல்மொழி தெரிந்தால் போதும்.

ஒரு மின்னஞ்சல் ஓர் ஆய்வாளருக்குத்தான். நாற்பது பேரை ஒரே வரிசையில் சேர்த்து அனுப்பினால் நாற்பது பேரும் திறக்காமலே அழிப்பார்கள். தலைப்பு வரியில் படிப்பு, ஆண்டு, மாதம் மூன்றும் இருக்கட்டும்: "மூன்றாமாண்டு பி.எஸ்சி. விலங்கியல், மே 5 முதல் ஜூன் 28 வரை கோடைப் பயிற்சி." உள்ளே முதல் பத்தியில் நீங்கள் யார், இரண்டாவதில் அவருடைய எந்த வேலை, அதில் என்ன கேள்வி, மூன்றாவதில் உங்களுக்குக் கைவந்த முறைகள், தேதிகள், தங்க இடம் வேண்டுமா என்பது. மொத்தம் பன்னிரண்டு வரிக்குள் முடியட்டும். பயோடேட்டா ஒரே பக்கம், பி.டி.எஃப்., கோப்பின் பெயரில் உங்கள் பெயர். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராதது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அந்த லேபில் கோடைக்கு நாற்காலி இல்லை, அவ்வளவே.

தேதி கொடுக்கும்முன் செமஸ்டர் கால அட்டவணையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வு ஏப்ரலிலேயே முடிந்துவிடலாம். பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் இணைப்புக் கல்லூரிகளில் மே வரை இழுக்கும். மே 2 என்று ஒப்புக்கொண்டு, மே 14 வரை தேர்வு என்று பிறகு சொன்னால் அந்த இடம் போய்விடும்.

பணம் கேட்பவர்களிடம் நின்று யோசியுங்கள். அரசு நிறுவனங்கள் சில, வேதிப்பொருள் செலவுக்கென்று பெஞ்ச் ஃபீஸ் வாங்குவது உண்டு. அதற்கு ரசீதும் அறிவிக்கப்பட்ட கட்டணமும் இருக்கும். ஆனால் "பதினைந்து நாளில் பி.சி.ஆர்., பிளாட்டிங், குளோனிங் எல்லாம், சான்றிதழோடு" என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பயிற்சி மையங்கள் வேறு வகை. முப்பது பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதைப் பார்ப்பதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கும். அந்தச் சான்றிதழை எம்.எஸ்சி. நேர்காணலில் காட்டினால், "அனீலிங் வெப்பநிலையை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே வாய் அடைத்துவிடும்.

களப்பணி விரும்புகிறவர்களுக்கு

கோடைகாலம் களப்பணிக்கு எப்போதும் தோதானது அல்ல. இது தெரியாமல் தலைப்பை எடுத்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். "தூத்துக்குடியில் இழுவலையில் வரும் மீன்களின் பன்மயம்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு மே மாதம் துறைமுகத்துக்குப் போனால் கட்டிக்கிடக்கும் படகுகளைத்தான் எண்ணலாம். தலைப்பை நாட்டுப்படகு மீன்வரத்துக்கு மாற்றுங்கள். அல்லது மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலோ பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலோ சேகரித்து வைத்த மாதிரிகளில் வேலை செய்ய முடியுமா என்று கேளுங்கள். வேடந்தாங்கலில் மே மாதம் வலசைப் பறவைகள் இருக்காது. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளுக்காக இரவு நடை போகும் மாணவர் அமைப்பின் வேலை ஜனவரியில் தொடங்கிவிடும். கோடை வரை காத்திருந்தால் ஆமை முட்டையிட்டுப் போயிருக்கும்.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். கடிதம் கல்லூரி வழியாகப் போய், மாவட்ட வன அலுவலகம் தாண்டி வர மாதங்கள் ஆகும். காட்டுத்தீ காலத்தில் உள்ளே விடமாட்டார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் அட்டவணையில் உள்ள உயிரினங்களைத் தொடவோ பிடிக்கவோ கூடாது. முதுகெலும்பிகளில் சோதனை என்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. எட்டு வாரத்துக்குள் இதெல்லாம் வந்து சேராது. ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் குழுவோடு சேர்வதுதான் வழி. கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம், வால்பாறையில் தளம் வைத்திருக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற இடங்களைத் தேடுங்கள்.

தாவரவியல்காரர்களுக்கு, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேகரித்து வைக்கும் ஹெர்பேரியம் என்ற பொக்கிஷம் காத்திருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியமும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும் குளிரோ மழையோ பார்க்காமல் வேலை செய்யக்கூடிய இடங்கள். ஒரே இனத்தின் பழைய தாள்களில் பூத்த தேதியையும் இடத்தையும் அட்டவணையாக்கினாலே ஒரு நல்ல கோடைத் திட்டம் கிடைக்கும். செலவு பேருந்துக் கட்டணம்தான்.

போகும்முன் கை பழக வேண்டும்

முதல் வாரத்தில் லேபில் கவனிப்பது உங்கள் அறிவை அல்ல, கையை. மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபைப்பெட்டை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பார்த்தே ஆராய்ச்சி மாணவர்கள் எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

பி-20 என்றால் 2 முதல் 20 மைக்ரோலிட்டர். பி-200 என்றால் 20 முதல் 200. எல்லைக்கு மேலே திருகினால் கருவியின் அளவு கெட்டுவிடும். கட்டைவிரலை அழுத்தும்போது முதலில் ஓரிடத்தில் நிற்கும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது நிறுத்தம். முதல் நிறுத்தம் வரை அழுத்தி, டிப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நனைத்து, விரலை மெதுவாக விட வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது நிறுத்தம். புதியவர்கள் உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்திவிடுவார்கள். 10 மைக்ரோலிட்டர் கேட்டால் அதைவிடக் கூடுதலாக ஏறிவிடும். டிப்பை ஆழமாக முக்கினால் வெளிச்சுவரில் ஒட்டிய துளியும் சேர்ந்து போகும். கிளிசரால் கலந்த என்சைமை வேகமாக இழுத்தால் காற்றுதான் ஏறும்.

கல்லூரியில் நான்கு தசம இலக்கம் காட்டும் எடைத்தராசு இருந்தால் ஒரு மதியம் ஒதுக்குங்கள். காய்ச்சி வடித்த நீரை 100 மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு சிறு குப்பியில் விட்டு எடையைக் குறியுங்கள். கிட்டத்தட்ட 0.1 கிராம் வர வேண்டும். பத்து முறை செய்யுங்கள். 0.0990-க்கும் 0.1010-க்கும் நடுவில் பத்தும் நின்றால் கை பழகிவிட்டது. சில 0.1080, சில 0.0930 என்று சிதறினால் விரலை விடும் வேகம் ஒரே சீராக இல்லை. எல்லாமே ஒரே பக்கம் தள்ளியிருந்தால் கருவியின் அளவுத்திருத்தம் போயிருக்கலாம்.

கணக்கும் தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும். ஜெல் ஓட்டும் கரைசலான டி.ஏ.ஈ.-யின் 50 மடங்கு அடர்த்தியிலிருந்து ஒரு மடங்கு 500 மில்லி வேண்டுமென்றால் 10 மில்லி எடுத்து 490 மில்லி நீர். 30 மில்லி ஜெல்லுக்கு ஒரு சதவீத அகரோஸ் 0.3 கிராம். 100 மைக்ரோமோலார் பிரைமரை 10 ஆக்க 10 மைக்ரோலிட்டரோடு 90 நீர். பி.சி.ஆரில் எட்டு மாதிரி, ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் (டி.என்.ஏ. சேர்க்காத குழாய்) என்றால், எல்லாக் குழாய்க்கும் பொதுவான கலவையான மாஸ்டர் மிக்ஸை ஒன்பதுக்குப் போடாமல் பத்துக்குப் போடுங்கள். டிப்பில் ஒட்டி ஒட்டிக் கடைசிக் குழாய்க்குப் போதாமல் போகும். நெகட்டிவ் கன்ட்ரோலில் பட்டை வந்தால் அன்றைய முடிவு எதையும் நம்ப முடியாது. அதை உடனே சொல்லிவிடுவதுதான் நல்லது. பிறகு தெரிந்தால் நம்பிக்கையே போய்விடும்.

நோட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். பேனாவில் எழுதுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள், தவறை ஒற்றைக்கோட்டால் அடியுங்கள். என்ன செய்ய நினைத்தீர்கள் என்பதோடு உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதும் வேண்டும்: இன்குபேஷன் 30 நிமிடம் என்பது மதிய உணவால் 47 ஆகியிருந்தால் 47 என்றே எழுதுங்கள். வெளியிடப்படாத ஜெல் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். அது அந்த லேபின் சொத்து.

பயணத்துக்கு ஒரு சொல். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதக் கூட்டத்தில் அன்று காலையே எடுத்தால்தான் இடம். உதவித்தொகை போன உடனே கைக்கு வராது. முதல் மாத விடுதி, சாப்பாட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள். மகளை வெளியூர் அனுப்ப வீட்டில் தயங்கினால், விடுதி விவரம் உள்ள அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். லேபின் அலுவலகத் தொலைபேசி எண்ணும் அவர்களிடம் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு

கோடை வேலை எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டிக்கொடுக்கும். ஆராய்ச்சிதான் என்று முடிவானால் தேர்வுகளின் தேதியும் சீக்கிரமே வரும். எம்.எஸ்சி., ஒருங்கிணைந்த பி.எச்டி. ஆகியவற்றுக்கான ஜாம் தேர்வின் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். என்.சி.பி.எஸ். போன்ற இடங்களுக்கான ஜீபில்ஸ் நுழைவுத்தேர்வு டிசம்பரில். கேட் தேர்வை மூன்றாமாண்டிலேயே எழுதலாம். உயிரியல்காரர்களுக்கு அதில் உயிரித்தொழில்நுட்பம், உயிர் அறிவியல், சூழலியல் என்று மூன்று தாள்கள் உண்டு. நேர்காணலில் கோடை வேலையைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் நுண்ணுயிரியல் தரக்கட்டுப்பாட்டு லேபுகளைப் பாருங்கள். மருந்து, உணவு, குடிநீர் நிறுவனங்களில் இந்த வேலை இருக்கிறது. பயிற்சிக்கு, பரிசோதனைக்கூடங்களுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எல். வாரியத்தின் அங்கீகாரம் உள்ள லேபையே தேர்ந்தெடுங்கள். அங்கே கருவி அளவுத்திருத்தம், பதிவேடு, தணிக்கை மூன்றும் பழகிவிடும், வேலை கொடுப்பவர்கள் கேட்பதும் அதுதான். மருத்துவமனை லேப் வேலைக்குப் பெரும்பாலும் டி.எம்.எல்.டி. போன்ற மருத்துவ ஆய்வக நுட்பவியல் படிப்பைக் கேட்பார்கள்.

இந்திய வனப் பணி கனவில் இருப்பவர்கள் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அறிவிப்பின் தகுதிப் பகுதியைப் படியுங்கள். அதில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் உள்ளிட்ட பாடங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நுண்ணுயிரியலும் உயிரித்தொழில்நுட்பமும் அந்தப் பட்டியலில் இல்லை.

கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அறிக்கையின் வரைவைக் கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் நீட்டினால் படிக்க நேரமிருக்காது, சான்றிதழ் மட்டும் கிடைக்கும். உங்கள் குழாய்கள் எல்லாவற்றிலும் பெயர், தேதி, உள்ளே என்ன என்று எழுதி, எந்த ஃப்ரீசரில் எந்த அடுக்கில் இருக்கிறது என்ற பட்டியலை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் கொடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பரிந்துரைக் கடிதம் கேட்டு நீங்கள் எழுதும்போது, அந்தப் பட்டியல் அவர்களுக்கு நினைவிருக்கும்.